நான்கு கிண்ணம் சூப் குடித்தவன்

என் வீட்டுக்காரனை நான் ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் அவனைவிட ஒரு வயது மூத்தவள். ஒரு வயது என்றால், ஓர் இரவு. பழைய வருடத்தின் கடைசி நாள் பொழுது சாய்ந்த பிறகு நான் பிறந்தேன். புத்தாண்டு விடிந்தும் விடியாமலும் அடுத்த வீட்டில் அவன் பிறந்தான். மருத்துவச்சி என்னைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் அந்த வீட்டுக்கு ஓடினாளாம். எங்கள் நாட்டுக் கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது. புத்தாண்டு வந்தால் எல்லோருக்கும் இன்னொன்று. ஆக, அவன் முதன்முதலில் வீறிட்டபோது அவனுக்கு வயது ஒன்று, எனக்கு இரண்டு.

மூத்த பெண்ணை ஆண்பிள்ளைகள் ‘நூனா’ என்று கூப்பிட வேண்டும். ஓர் இரவு மூத்தவள் என்றாலும் நூனா நூனாதான். இந்த விஷயத்தில் நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

போதாக்குறைக்கு, வருடத்துக்கு ஒரு விலங்கு என்ற எங்கள் வழக்கப்படி, அந்த ஓர் இரவில் விலங்கும் மாறிவிட்டது. நான் புலி வருடத்தின் கடைசிப் பிள்ளை. அவன் முயல் வருடத்தின் முதல் பிள்ளை. புலி வருடத்துப் பெண் அடங்கமாட்டாள் என்று எங்கள் ஜுமுன்ஜின் துறைமுகத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள். அது பொய் என்று வாதாட எனக்கு உத்தேசமில்லை.

அவன் பெயர் மேங் பில்கு. கணவாய் மீன் பிடிக்கும் படகுகளிலும் ஐஸ் ஆலையிலும் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கிறான். குட்டையான ஆள், எப்போதும் சிரித்த முகம். கோபம் வந்தால் பேசமாட்டான், எழுந்துபோய் அரிசி கழுவுவான். எங்கள் வீட்டில் சோறு மிஞ்சியிருந்தால் அன்று அவனுக்கு யார் மேலோ கோபம் என்று பொருள். பெரும்பாலும் என் மேல். மற்றபடி கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். மகள் வேலை கிடைத்து பூசானில் இருக்கிறாள். வீடு சின்னது, ஜன்னலைத் திறந்தால் கடல். குறை என்று சொல்ல அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குக் காரணம் அவன் அம்மா. என் மாமியார், தாக் சுன்ரே.

மாமியார் துறைமுகச் சந்தையில் கணவாய்க் கருவாடு விற்கிறார். கையில் அகப்பையோ கத்தரிக்கோலோ இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் வாயிலிருந்து வாடிக்கையாக வரும் கதை ஒன்று உண்டு. பில்குவின் ஆண்டு நிறைவுக் கதை.

ஆண்டு நிறைவன்று குழந்தைக்கு முன்னால் மேசை போட்டு நூல்கண்டு, அரிசி, காசு, எழுதுகோல் எல்லாம் பரப்புவார்கள். குழந்தை தவழ்ந்துபோய் எதைப் பிடிக்கிறதோ அதுதான் அதன் வாழ்க்கை. நூல் என்றால் நீண்ட ஆயுள், காசு என்றால் செல்வம், எழுதுகோல் என்றால் படிப்பு. எனக்கு முதல் நாள் போட்ட மேசையையே கலைக்காமல் மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். இரண்டு வீட்டிலும் வசதி அவ்வளவுதான். நான் இரண்டு கையாலும் அரிசியை அள்ளினேன் என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பாள். பில்கு எழுதுகோலைப் பிடித்தான் என்று மாமியார் சொல்வார், சிரிக்கமாட்டார்.

“நேரா போய் எழுதுகோலைப் பிடிச்சான். பிடிச்சவன் விடவே இல்ல.” கருவாடு வாங்க வருகிறவர்கள், பள்ளி வாத்தியார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். எழுதுகோலைப் பிடித்த பிள்ளை நீதிபதியாகவோ, போனால் போகிறது, பேராசிரியராகவோ ஆகாமல் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான் என்பதுதான் கதையின் மீதிப் பாதி. அதை அவர் வாயால் சொல்லமாட்டார். ஒரு பெருமூச்சு போதும்.

பில்கு இதை நம்பி வளர்ந்தான். அம்மா கையில் கொடுத்துவைத்த பெரிய பொருளைத் தெருவில் தொலைத்துவிட்டு வந்தவனைப்போல ஒரு முகம் அவனுக்கு உண்டு. சிரிப்புக்கு அடியில் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நான் உற்றுப் பார்த்தவள்.

தொலைத்த இடம் எது என்பதிலும் மாமியாருக்குச் சந்தேகமில்லை. சந்தைக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடைதான். வாசல் பலகையில் ‘மூளை வளர்க்கும் இடம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே இருட்டில் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுப் பெட்டிகள் கூவிக்கொண்டிருக்கும். அடுத்த ஆட்டம் தனக்கு என்று காட்ட, ஆடுகிறவனின் திரைக் கண்ணாடி ஓரத்தில் பையன்கள் காசை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் எப்போதும் பில்குவின் காசு ஒன்று இருக்கும். மாமியார் அகப்பையோடு வாசலுக்கு வருவதற்கு முன்பே கருவாட்டு வாசனை வந்துவிடும். மற்ற பையன்கள் மேசைக்கு அடியில் பதுங்குவார்கள். இவன் மட்டும், ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை விட மனசில்லாமல், காது திருகப்படும்வரை பெட்டியின் ஆட்டக் குச்சியை அசைத்துக்கொண்டே இருப்பான். காதோடு இழுத்துக்கொண்டு போகும்போதும் தலையைத் திருப்பித் திரையைப் பார்ப்பான். நான் சந்துமுனையில் நின்று கைதட்டுவேன்.

மேல்படிப்புக்கான பரீட்சையில் அவன் தேறவில்லை. தொழிற்பள்ளியில் சேர்ந்தான். அன்று மாமியார் அந்தக் கடை வாசலில் போய் நின்று, “இந்தப் பெட்டிதான் என் பிள்ளைய முழுங்கிடுச்சு. செத்தாலும் இதை நான் தொடமாட்டேன்” என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷி. எங்கள் மகளுடைய கைப்பேசியில் கலர் மிட்டாய்கள் உருளும் விளையாட்டைக் காட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கல்யாணத்துக்கும் எளிதில் மசியவில்லை. புலி முயலைத் தின்றுவிடும் என்றார். பில்கு பதிலே பேசாமல் ஒரு வாரம் அரிசி கழுவினான். அவர் வீட்டில் மூட்டை காலியாகும் நிலை வந்ததும் சம்மதித்தார். ஆனால் அன்றிலிருந்து என்னை மருமகளே என்று கூப்பிட்டதில்லை. “ஏ புலி” என்பார். வாரம் தவறாமல் கருவாடு கொண்டுவந்து வாசலில் வைப்பார். உள்ளே வரச் சொன்னால் கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று போய்விடுவார். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சூப் குடித்த கதையைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது புரியாது.

புத்தாண்டுக் காலையில், அரிசிமாவை அவித்து வெட்டிய அரிசிவில்லை போட்ட சூப் குடிப்போம். அதைக் குடித்தால்தான் வயது ஒன்று கூடும். பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வது. பில்கு அதை அப்படியே நம்பினான். எட்டு வயது ஆகவேண்டிய புத்தாண்டன்று, தன் வீட்டில் ஒரு கிண்ணம் குடித்தான். பெரியப்பா வீட்டுக்கு வணங்கப் போய் அங்கே ஒன்று. எங்கள் வீட்டில் ஒன்று. படகுக்கார மாமா வீட்டில் ஒன்று. நான்காவது கிண்ணத்தை முடித்துவிட்டு வயிற்றைப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்று, “ஏய் மிர்யோங்” என்றான். நூனா இல்லை. வெறும் பெயர்.

என்னடா திமிர் என்றேன். தனக்கு இப்போது பதினொன்று, எனக்கு ஒன்பதுதான், இனிமேல் நான்தான் அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பதிலாக அவன் வயிறு பேசியது. எங்கள் வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் கக்கினான். கக்கிவிட்டு, போன வயதையெல்லாம் பார்த்து விக்கி விக்கி அழுதான். மாமியார் வந்து முதுகைத் தடவிக்கொண்டே, “அழாதடா. எல்லாம் போயிடுச்சுன்னா நீ இப்ப கைக்குழந்தைதான். வா, தூக்கிட்டுப் போறேன்” என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். எட்டு வயதுப் பையனின் கால்கள் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கின.

அந்த மனுஷிதான் அகப்பையோடு துரத்தியவரும்.

சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் வயது எண்ணும் முறையை மாற்றியது. இனி உலகத்தார்போலப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள்தான் கணக்கு என்றார்கள். ஒரே நாளில் ஊரில் எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோ வயது குறைந்துவிட்டது. பில்கு செய்தியைக் கேட்டுவிட்டு சோற்றுக்கிண்ணத்தைக் கீழே வைத்தான். இனி வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் நான் மூத்தவள் என்றும், மற்ற நாளெல்லாம் இருவரும் சமம் என்றும் சொன்னான். அந்த ஒரு நாள் போதும், நூனா என்று கூப்பிடு என்றேன். கூப்பிட்டான்.

அந்த வாரமே அவன் சொந்தமாக ஒரு வீடியோ விளையாட்டைச் செய்ய ஆரம்பித்தான்.

பழைய வீடியோ கேம் கடைக்காரர் கிடங்கில் போட்டுவைத்திருந்த காலிப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். குச்சியும் பட்டன்களும் மாற்றினான். கணினியில் எழுதுவதை இணையத்தில் பார்த்துப் பார்த்துப் படித்தான். படங்கள் எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே கட்டம் கட்டமாக, எண்ணிவிடலாம் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கருவாடு கிழித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். அவன் ஒரு சின்னப் பையனை நடக்கவைத்துக்கொண்டிருப்பான். எங்கள் வாழ்க்கையிலேயே மிகவும் நிம்மதியான மாதங்கள் அவை என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு வளர்வதைப் பற்றியது. முதல் திரையில் ஆண்டு நிறைவு மேசை. குச்சியை அசைத்தால் குழந்தை தவழும்; எதைப் பிடிக்கிறோமோ அதற்கேற்ப ஆட்டம் போகும். பிறகு சந்து, பள்ளிக்கூடம், துறைமுகம். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் புத்தாண்டு. சூப் கிண்ணம் வரும். ஒன்று குடித்தால் ஒரு வயது. பேராசைப்பட்டு இன்னொன்று குடித்தால் அடுத்த வருடம் முழுக்கத் தாவிப் போய்விடும். விரைவில் பெரியவனாகிவிடலாம், ஆனால் அந்த வருடத்தில் இருந்த பட்டம் விடுதலும் நண்பனும் நீச்சலும் கிடைக்காது. இடையிடையே வாசலில் கருவாட்டு வாசனையைக் காட்டப் புகை மாதிரி ஒரு கோடு வரும். வந்தால் அம்மா வருகிறாள் என்று அர்த்தம். அகப்பையோடு வருவாள். அவளை ஜெயிக்க முடியாது. ஓடத்தான் முடியும்.

கடைசித் திரையை மட்டும் எனக்குக் காட்டவில்லை. அது அம்மாவுக்கு என்றான். அம்மா முழுதாக ஆடிப் பார்க்கட்டும், அப்புறம் நீ பார் என்றான். அதற்குள் எட்டிப் பார்க்கலாம் என்று நான் என்னென்னவோ செய்தேன். என் கைக்கு மூன்றாம் வகுப்பைத் தாண்ட வரவில்லை.

விஷயம் சந்தைக்குப் போயிற்று. சந்தைச் சங்கத்தார் புத்தாண்டு சமயத்தில் பெட்டியைச் சந்தை முகப்பில் வைக்கலாம் என்று கேட்டார்கள். ஊருக்குத் திரும்பிவரும் பிள்ளைகளுக்குப் பொழுதுபோகும் என்றார்கள். பில்குவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மாமியாரின் கடை முகப்பில்தான் இருக்கிறது. பெட்டி வந்தால் ஒயரைப் பிடுங்கிக் கடலில் போடுவேன் என்று அவர் சொல்லியனுப்பினார்.

பில்கு அரிசி கழுவினான். அம்மா ஒரு தடவை ஆடினால்தான் பெட்டி வெளியே போகும், இல்லாவிட்டால் வீட்டிலேயே கிடக்கட்டும் என்றான். சங்கத்தாருக்கும் அப்படியே சொல்லிவிட்டான். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். மூன்று பானைச் சோறு மிஞ்சிய பிறகு பொறுக்கவில்லை. நேராகச் சந்தைக்குப் போனேன்.

மாமியார் கத்தரிக்கோலால் கணவாய்க் காலை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அம்மா, அவன் உங்களுக்காகத்தான் அதைச் செஞ்சிருக்கான். வேற யாருக்காகவும் இல்ல” என்றேன்.

“எனக்காக ஒரு காலத்துல படிச்சிருக்கலாமே.”

“அந்த பஸ் போயி முப்பது வருஷமாச்சு. இன்னும் அங்கேயே நின்னுட்டிருந்தா எப்படி?”

“அந்தப் பெட்டி முன்னாடி நான் உக்கார மாட்டேன், புலி. நீ போய் உன் கடலைப் பாரு.”

கெஞ்சினால் மசிகிற ஆளில்லை. எனக்குக் கெஞ்சவும் வராது. போவதுபோல் திரும்பி, போகிறபோக்கில் சொன்னேன்: “சரி, விடுங்க. அதுல நீங்களும் வர்றீங்க. இடது கையில அகப்பையப் பிடிச்சிட்டு.”

கத்தரிக்கோல் நின்றது.

“எந்தக் கையில?”

“இடது கையில. கொஞ்சம் குண்டாவும் போட்டிருக்கான்.”

அவர் மறுபடியும் வெட்ட ஆரம்பித்தார். ஆனால் வெட்டிய கால்கள் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக விழுந்தன. எனக்கு அது போதும்.

புத்தாண்டன்று முன்னோர் படையல் முடிந்து, சூப் குடித்து, மகள் வணங்கிவிட்டு ஊர் நண்பர்களைப் பார்க்கக் கிளம்பிய பிறகு, வாசலில் கருவாட்டு வாசனை வந்தது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக என் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். கையில் அகப்பை இல்லை. நான் கவனித்தேன். வலது கையை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

“எங்க, அந்த இடது கைக்காரியக் காட்டு” என்றார்.

பில்கு ஓடிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார். குச்சியைத் தொடுவதற்கு முன் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். கடை வாசலில் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேசை வந்தது. எழுதுகோலைத்தான் அவன் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று வரைந்திருந்தான். மாமியார் குழந்தையை நேராக அதனிடம் கொண்டுபோனார். “பாத்தியா” என்று என்னிடம் சொன்னார். பிறகு சந்தில் விழுந்தார், நாயிடம் மாட்டினார், சலித்துக்கொண்டார். இப்படிக் குனிந்து குனிந்து எத்தனை வருடம் போவது, இடுப்பு போய்விடும் என்று முணுமுணுத்தார். சூப் வந்ததும் அவர் விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பையன் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குத் தாவினான். அடுத்த புத்தாண்டில் மறுபடியும் நான்கு. அதன் பிறகு அவர் பட்டத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. நடுவில் அகப்பையோடு அந்த அம்மா வந்தாள். வலது கையில்தான் பிடித்திருந்தாள். மாமியார் என்னைத் திரும்பி முறைத்தார். நான் சூப் பாத்திரத்தைத் துடைத்தேன். பையன் தப்பவில்லை. இழுத்துப் போகப்பட்டு, வீட்டில் சோறு வைக்கப்பட்டு, மறுபடியும் தெருவுக்கு வந்தான். அந்தச் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்ததும் மாமியார் வாய்க்குள் என்னவோ சொன்னார். கேட்கவில்லை.

இப்படித் தாவித் தாவி, கொஞ்சமே புள்ளிகளோடு, வெகு சீக்கிரம் கடைசித் திரைக்கு வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டு நிறைவு மேசை. மேசைக்கு முன்னால் குழந்தை இல்லை, வளர்ந்த ஓர் ஆள். குட்டையான ஆள். அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் எழுதுகோலை ஏந்தி, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கிறான். தலை குனிந்திருக்கிறது. ஆட்டம் முடிந்தது என்ற எழுத்து விட்டு விட்டு எரிந்தது.

நான் பில்குவைப் பார்த்தேன். அவன் மாமியாரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தொடப்போகிற ஆம்பிளை, காது திருகப்படக் காத்திருக்கிற பையனைப்போல நின்றான். எனக்கு வந்த கோபத்தில், இன்றைக்கு இந்த மனுஷி பெருமூச்சு விட்டால் சும்மா விடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

மாமியார் பெருமூச்சு விடவில்லை. அந்த எழுத்து எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முதல்லேருந்து போடு” என்றார்.

“அம்மா, புரியலன்னா நான் சொல்றேன்...”

“புரிஞ்சுது. போடுடா.”

குழந்தை மறுபடியும் மேசைக்கு முன்னால் வந்தது. மாமியார் குச்சியை அசைத்தார். குழந்தை எழுதுகோலிடம் போனது. நிற்கவில்லை. காசைத் தாண்டியது, நூலைத் தாண்டியது, அரிசியைத் தாண்டியது. மேசையின் கோடியில் போய்த் திரையின் ஓரத்தில் முட்டியது. அவர் குச்சியை விடாமல் அந்தப் பக்கமே அழுத்தினார். குழந்தை முட்டிக்கொண்டே இருந்தது.

“அங்க ஒண்ணும் இல்லம்மா” என்றான் பில்கு. “அதோட திரை முடிஞ்சுது.”

“முடியல. அங்கதான் அவ உக்காந்திருந்தா.”

யார் என்று கேட்டான். மாமியார் திரும்பாமலேயே கையால் என்னைக் காட்டினார்.

அப்புறம் சொன்னார். ஆம்பிளைகள் எல்லாம் பெரியப்பா வீட்டுப் படையலுக்குப் போயிருந்தார்கள். என் அம்மா சமையலறையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். அறையில் மாமியாரும் நாங்கள் இரண்டு குழந்தைகளும்தான். பில்குவை மேசைக்கு முன்னால் விட்டார். அவன் எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு, மேசையைச் சுற்றித் தவழ்ந்து வந்து, மூலையில் உட்கார்ந்திருந்த என் காலைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு இழுத்தும் விடவில்லை.

“ஊர்ல போய் என்ன சொல்றது? என் பிள்ளை காசும் எடுக்கல, நூலும் எடுக்கல, பக்கத்து வீட்டுப் புலியோட காலைப் பிடிச்சான்னா? இவ அம்மா வர்ற சத்தம் கேட்டுது. கைக்கு முதல்ல கிடைச்சது அந்த எழுதுகோல். அவன் கையில திணிச்சுட்டேன். அன்னிக்குச் சொன்னது. சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் நடந்ததுன்னு ஆயிடுச்சு.”

பில்கு முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அப்ப நான் எதையும் தொலைக்கலையா, அம்மா?”

“நீ எடுத்திருந்தாத்தானேடா தொலைக்கறதுக்கு.”

பில்கு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னான். மாமியார் முன்னால் அழ எனக்கு மனமில்லை. இவன் காலைப் பிடித்தபோது நான் என்ன செய்தேன், எட்டி உதைத்தேனா என்று கேட்டேன்.

மாமியார் அப்போதுதான் முக்காலியில் திரும்பி உட்கார்ந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

“உன் கையில ஒரு அரிசிவில்லை இருந்துது. பாதி சப்பினது. அதை எடுத்து இவன் வாயில வெச்ச. முயல் மென்னு முழுங்கிட்டு, இன்னொண்ணு கேட்டு வாயத் திறந்துது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “புலி தின்னுடும்னு சொன்னேன். நான் பாத்தது அதில்ல. இத்தனை நாளும் எனக்குத் தெரியும், மருமகளே” என்றார்.

அன்று மாமியார் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். சோறு மிஞ்சவில்லை.

பெட்டி இப்போது சந்தை முகப்பில், அவர் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. பில்கு கடைசித் திரையை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், அவசரமில்லை. முதல் திரையை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினான். மேசையைத் தாண்டித் தவழ்ந்துபோனால் மூலையில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருக்கும், கையில் பாதி சப்பிய அரிசிவில்லையோடு. சட்டையில் கோடு கோடாகப் போட்டிருக்கிறான். அதற்காக அவனிடம் நான் இரண்டு நாள் பேசவில்லை.

ஆடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் காசைத்தான் பிடிக்கிறார்கள். எப்போதாவது ஒரு பொடியன் எதையும் பிடிக்காமல் கோடிவரை போய்விடுவான். அப்போது மாமியார் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். மேசையில் எழுதுகோல் இன்னும் இருக்கிறது. மற்ற பொருள்களைவிடப் பளிச்சென்று இல்லை. யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.